ஆல்டோ தாளில் நீ மாற்றாமல் விட்டது

ஜோயல்,

நேற்றுக் காலையில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். முதல் முறை கேட்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. "அம்மா, செவ்வாக்கெழம டிரெய்னு. கப்பல்ல வாசிக்கறதுக்கு எல்லாப் பாட்டுக்கும் தனித்தனியா பேப்பர் வேணும்மா. டிரம்பெட்டு, டெனரு, ஆல்டோ எல்லாத்துக்கும். திங்கக்கெழமைக்குள்ள அனுப்பிடு, சரியா? லவ் யூ." ஆல்டோ என்கிற அந்த சாக்ஸஃபோன் பெயரை நீ எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பதற்காகத்தான் இரண்டாவது முறை போட்டேன். குரலில் ஒரு சின்னத் தடங்கல்கூட இல்லை. டிரம்பெட், டெனர், ஆல்டோ. கடைக்குப் போய் பருப்பு, புளி, மிளகாய் என்று கேட்கிற மாதிரி. அடுப்பைத் துடைத்தபடியே எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. உங்கள் பேண்டின் வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறேன். அந்தக் குழுவில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். தாள்களை அனுப்பியிருக்கிறேனே தவிர ஒரு வார்த்தை எழுதியதில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். இன்று எழுதுகிறேன் என்றால், நடந்தது எல்லார் முன்னாலும் நடந்தது என்பதால்தான். தனியாக உன்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கே பஸ்ஸில் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குச் சொன்னேன். பொங்கலுக்கு வந்தபோது அடுப்படியில் வைத்துச் சொன்னேன். ஒவ்வொரு முறையும், "விடும்மா, அதான் முடிஞ்சு போச்சே" என்றாய். முடிந்துபோனது உனக்கு மட்டும். பேண்டை நடத்துகிற மாத்யூஸ் சாரும் குழுவில் இருக்கிற மற்றவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது நீளமாகத்தான் இருக்கும்.

குழுவில் புதிதாக வந்தவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. தாள்களின் அடியில் சின்னதாக இருக்கிற பெயர், அவ்வளவுதான். நான் மரக்காணத்தில் உப்பளக் கூலிக்குப் போனவர்களின் மகள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தினமும் திண்டிவனம் பஸ்ஸில் போய் பி.காம் படித்தேன். என் அப்பா தெருவெல்லாம், "எம்பொண்ணு பேங்க்குல உக்காரப் போவுது" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கோ நேர்முகத் தேர்வில் பெயரைக் கேட்டால் பெயர் வராது. எதிரே இருப்பவர்களின் கை, பேனா மூடி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற படம் எல்லாம் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். வாய் மட்டும் திறக்காது. நான்கைந்து இடங்களில் அப்படித் திரும்பி வந்த பிறகு கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அடுத்த வருடமே நீ பிறந்தாய். இப்போது நாற்பத்து மூன்று வயதில் உனக்கு அம்மாவாக நின்றால், புதுச்சேரியில் உன் நண்பர்கள் அக்கா என்கிறார்கள். அது இருக்கட்டும். மாதா கோவிலில் பாடுவதற்கு என்னால் முடியாது, அதனால் பாட்டுத் தாள்களை எழுதிக் கொடுத்தேன். வரிகளுக்கு மேலே கீபோர்டுக்கான கார்டுகளையும் எழுதினேன். கார்ட் என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிற சுரங்களின் கூட்டு, அதற்கு ஒரு சுருக்கெழுத்துப் பெயர் உண்டு. திருவிழாவுக்கு வந்த மாத்யூஸ் சார் அந்தத் தாளைக் கையில் எடுத்து, "இத யாரு எழுதினது?" என்று கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்படி வந்ததுதான் இந்த ஜாஸ் வேலை.

பத்து வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். மாத்யூஸ் சார் பென்சிலில் கிறுக்கி அனுப்புவதை கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாளாகப் பிரித்துக் கொடுப்பது. தெருவில் இதற்குப் பெயர், "பி.காம் படிச்சிட்டு ஊட்ல உக்காந்து கோடு போட்டுக்கினு இருக்குது." நீ அதைவிட நாகரிகமாகச் சொல்வாய். "எங்கம்மா டைப் பண்ணுவாங்க." ஒரு வாத்தியமும் எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது உண்மைதான். நான் கற்றுக்கொண்டது முழுக்க வாசிக்கிறவர்களின் கண்ணைப் பார்த்து. ஒத்திகை நடக்கும் இடத்தில் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். டிரம்பெட்காரர் பக்கம் திருப்பக் கை ஒழியாமல் வாயால் தாளைத் தள்ளுவதைப் பார்த்துத்தான், பக்கத்தின் கடைசியில் அவருக்கு ஓய்வு வருகிற மாதிரி அமைக்கத் தொடங்கினேன். பார் என்று நீங்கள் சொல்கிற தாளக் கட்டத்தை வரிக்கு நான்கு என்று சீராகப் போட்டால் கண் தடுக்காது. பாட்டின் புதிய பகுதி வரியின் நடுவில் தொடங்கினால் எவராவது ஒருவர் தொலைந்துபோவார், அதனால் அது புது வரியில், பெட்டிக்குள் ஓர் எழுத்தோடு தொடங்க வேண்டும். கார்டின் பெயர் எந்தத் தாள அடியில் மாறுகிறதோ அந்த அடிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், அரை விரல் தள்ளி நின்றால் அரை விரல் தள்ளித்தான் வாசிப்பார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கேட்டாயே, "வெறும் பேரு தான போட்டுருக்குது, எந்த நோட்டும்மா வாசிக்கறது?" என்று. எந்தச் சுரத்தை, எந்த இடத்தில், எத்தனை முறை என்று ஜாஸ் தாளில் சொல்வதில்லை. இந்தக் கட்டத்தில் எல்லாரும் இந்தக் கூட்டின் மேல் நிற்கிறோம் என்று மட்டும் சொல்லும். மற்றது வாசிக்கிறவன் இஷ்டம். அவனுக்கு அவ்வளவு இஷ்டம் கொடுக்கலாம் என்றால், அந்த ஒரு பெயராவது சரியாக இருக்க வேண்டாமா?

சூசை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரக்காணத்தில் நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். சாவுக்கும் கல்யாணத்துக்கும் தேருக்கும் பேண்டு செட்டில் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்தவர். காதால் கேட்டு, அப்படியே ஊதுகிற ஆள். மாத்யூஸ் சார் அவரைப் புதுச்சேரிக்குக் கூப்பிட்ட பிறகுதான் தாளைப் பார்த்து வாசிக்கப் பழகினார். பழகியது என் தாள்களில். கண்ணாடி போட மாட்டார். "கண்ணாடி போட்டா மூஞ்சி கனக்குது, மூச்சு வரமாட்டேங்குது" என்பார். அதனால் அவர் தாளில் மட்டும் கார்டுகளின் பெயரைப் பெரிதாகப் போடுவேன். அதைப் பார்த்து டிரம்ஸ் வாசிக்கிற பையன், "மாமாவுக்கு மட்டும் சினிமா போஸ்டர் சைசுல வருது" என்று கிண்டல் செய்வான். "டேய், எனக்கு பி.காம் படிச்சவங்க எழுதிக் குடுக்கறாங்கடா, உனக்கு எவன் குடுக்கறான்?" என்று அவர் திருப்பிக் கொடுப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா பி.காம், சௌக்கியமா?" அவ்வளவுதான். நீ பேண்டில் சேர்ந்த முதல் நாள் தாளம் தவறியபோது, உன் பக்கத்தில் வந்து நின்று, கீபோர்டு வாசிக்கிற உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாக ஊதி உன்னை இழுத்துக்கொண்டு போனவர் அவர். அதை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன்.

இப்போது டிசம்பர் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீங்கள் வாசிக்கிற அந்த ஓட்டலில், மதியச் சாப்பாட்டுக்கு பேண்டுக்காரர்களின் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். உன் அப்பாவைக் கூப்பிட்டால், "அங்க கத்தி வெச்சிக்கினு சோறு துன்னணும், நான் வரல" என்று உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் வந்து, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தேன். முந்தின நாள்தான் மாத்யூஸ் சார் ஒரு புதுப் பாட்டைக் கொடுத்திருந்தார். மழையில் மரக்காணத்தில் கரண்டு இல்லை. "பரவால்லம்மா, நானே போட்டுக்கறேன்" என்று போனில் சொன்னாய். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பையனுக்கே செய்யத் தெரிகிறது என்று நினைத்தேன்.

நீ என்ன செய்தாய் என்று மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஆல்டோவில் சி என்று எழுதியிருப்பதை ஊதினால் வெளியே கேட்பது சி அல்ல, ஈ ஃபிளாட். அந்தக் கருவியின் அமைப்பு அப்படி. அதனால் மற்றவர்கள் எஃப் சுருதியில் வாசிக்கிற பாட்டு, ஆல்டோக்காரரின் தாளில் டி சுருதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மெட்டின் சுரங்களும் மாற வேண்டும், மேலே நிற்கிற கார்டுகளும் மாற வேண்டும். கம்ப்யூட்டரில் கார்ட் எழுதுவதற்கென்று தனி இடம் இருக்கிறது. அங்கே எழுதினால் சுருதியை மாற்றும்போது அதுவும் சேர்ந்து மாறும். கொஞ்சம் நேரம் பிடிக்கிற வேலை. நீ அவசரத்தில் கார்டுகளைச் சும்மா எழுத்தாகத் தட்டிவிட்டாய். பிறகு ஆல்டோ தாளுக்குச் சுருதியை மாற்றினாய். சுரங்கள் நகர்ந்தன. எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆல்டோ தாளின் முதல் கட்டத்தில் ஈ மைனர் செவன் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜி மைனர் செவன். தொடர்ந்து கடைசி வரைக்கும் அப்படியே. அச்செடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் முன்னால் இருந்த தாள் ஸ்டாண்டில் வைத்தாய்.

பாட்டு தொடங்கியது. மெட்டை அண்ணன் அழகாக வாசித்தார், சுரங்கள் சரியாகத்தானே இருந்தன. பிறகு அவர் தனியாக வாசிக்க வேண்டிய முறை வந்தது. தாளில் இருந்த கார்டுகளை நம்பி உள்ளே போனார். நீங்கள் எல்லாரும் எஃப்-இல் நிற்கிறீர்கள், அவர் ஊதுவது ஏ ஃபிளாட்டில் வந்து விழுகிறது. எனக்குச் சுருதி பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். தாளைப் பார்த்தார். சாக்ஸஃபோனில் விரலால் அழுத்துகிற சாவிகளைப் பார்த்தார், உப்புக் காற்றில் ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று ஒன்றைத் தட்டிப் பார்த்தார். ஊதுகிற முனையை எடுத்துத் துடைத்தார். மறுபடியும் தாளுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். ஒவ்வொரு முறை தடுமாறும்போதும் தாளைத்தான் இன்னும் உற்றுப் பார்த்தார், கண்ணை எடுக்கவில்லை. ஒரு மேஜையில் சிரித்தார்கள். மாத்யூஸ் சார் கையைக் காட்டினார், கிட்டார் உள்ளே வந்தது. அண்ணன் கருவியைக் கீழே இறக்கிவிட்டு, பாட்டு முடிகிற வரைக்கும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் எல்லாரும் தட்டை எடுக்கப் போனார்கள். நீ மட்டும் பின்தங்கினாய். அவர் ஸ்டாண்டுக்குப் போனாய். அந்தத் தாளைப் பார்த்தாய். உன் தோள் கொஞ்சம் தொங்கியதை நான் கவனித்தேன். பிறகு அதை நான்காக மடித்து உன் பையில் வைத்துக்கொண்டாய். சாப்பாட்டு வரிசையில் மாத்யூஸ் சார் உன்னிடம்தான் சொன்னார், "சூசைக்கு வயசாயிடுச்சுப்பா. காது போயிடுச்சு. இன்னா பண்றது." நீ மீன் துண்டிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாய். அந்த முள்ளை எடுத்து முடிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை, ஜோயல்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் நான் கேட்டேன், "அந்தப் பேப்பரக் காட்டு."

"எந்தப் பேப்பரும்மா?"

"அண்ணன் ஸ்டாண்டுல இருந்து எடுத்தியே, அது."

காட்டினாய். இரண்டு ஷார்ப் போட்ட டி சுருதித் தாளின் தலையில் ஜி மைனர் செவன். "சார்கிட்ட சொல்லிடு, இப்பவே போன் போடு" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய், "நல்ல பிளேயரா இருந்தா பேப்பர் தப்பா இருந்தாலும் காதுல புடிச்சிருக்கணும்மா. ரெண்டாவது பார்லயே பேப்பர விட்டிருக்கணும். அதான ஜாஸு?" அதில் பாதி உண்மை இருந்தது. அந்தத் தாளை வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு இளம் ஆல்டோக்காரர் வந்தார். நல்ல பையன், அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. குழுவில் ஒரு சாம்பல் நிற வரி வந்தது, சூசை விலகினார் என்று. அதற்குக் கீழே நீ புத்தாண்டு நிகழ்ச்சிக்கு என்ன சட்டை போடுவது என்று கேட்டிருந்தாய்.

உன் அப்பா என்னைத்தான் திட்டினார். "அவன் சொல்லலன்னா நீ போயி சொல்லேன். வாய் இல்ல?" "வாய் இருக்குது, சத்தம்தான் வரல" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. உன் மேல் எரிச்சல் பட்டுக்கொண்டே நாட்களைத் தள்ளினேன். நீயாகச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். மழை ஓய்ந்து பாத்தி கட்டுகிற வேலை தொடங்கிவிட்டது, நீ சொல்லவில்லை. போன புதன்கிழமை சந்தையில் சூசை அண்ணனின் மனைவி லூர்து அக்காவைப் பார்த்தேன். "பொட்டிய தொறக்கறதே இல்ல தங்கச்சி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் திண்டிவனத்துல இருந்து அத வாங்க ஒருத்தரு வர்றாரு. குடுத்துடப் போறாராம்" என்றாள். சாக்ஸஃபோனைச் சொல்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலமே போனேன். உன்னுடைய தாளையும், நான் சரியாகத் திரும்ப எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாசலில் டி.வி.எஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வா பி.காம். இன்னா, வழி தெரியாம வந்துட்டியா?" என்றார். உள்ளே போய் இரண்டு தாள்களையும் கட்டில் மேல் விரித்தேன். என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. "அண்ணே, இது ஜோயல் போட்டது. கார்டு மாத்தல. தப்பு பேப்பர்ல. உங்க மேல இல்ல." அவர் தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆமா. மாத்தல தான்" என்றார். பிறகு தாளைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னார், "இருந்தாலும் பி.காம், நான் ஒண்ணு சொல்றேன். பொணத்துக்கு முன்னால நடந்துக்கினே வாசிச்சவன் நானு. அங்க எவன் எனக்குப் பேப்பர் குடுத்தான்? காதுல கேட்டுத்தான வாசிச்சேன். காது இருந்திருந்தா ரெண்டாவது வரியிலயே பேப்பரத் தூக்கிப் போட்டுருக்கணும் இல்ல?"

நீ பஸ்ஸில் சொன்ன அதே வார்த்தைகள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்கிறார்.

"உங்களுக்குக் கேட்டுதுண்ணே. நான் பாத்தேன். சாவியத் தட்டிப் பாத்தீங்க, தொடச்சீங்க" என்றேன்.

"கேட்டுது. சேரலன்னு கேட்டுது" என்றார். "ஆனா உங்க ஊட்டுப் பேப்பரும்மா அது. இத்தினி வருசமா ஒரு புள்ளி தப்பா வந்தது இல்ல. பேப்பர் சரியா இருக்குது, எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். இப்ப பேப்பர் தப்புன்னு நீ காட்டற. சரி. ஆனா அதுக்கப்புறம் நான் பெரம்மதேசத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பழகின பாட்டு. நடுவுல நிறுத்திட்டேன். கூட இருந்தவன், சரியாத்தான மாமா வருதுங்கறான். எனக்கு நம்பிக்க வரல. ஊட்ல ஊதினாலும் எல்லாமே தப்பாக் கேக்குது. எது சரி, எது தப்புன்னே தெரியலம்மா." லூர்து அக்கா அடுப்படி வாசலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு உடனே, "சரி விடு, பி.காம்முக்கு டீயப் போடு. காது போனாலும் நாக்கு இருக்குது" என்றார்.

ஜோயல், உனக்கு இது புரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தாளை நம்பியது மடத்தனம் அல்ல. வருடக்கணக்காகச் சரியாக வந்த தாள் என்பதால் தன் காதைவிட அதை நம்பினார். அந்த நம்பிக்கையை உண்டாக்கியவள் நான், அதை எடுத்துச் செலவு செய்தவன் நீ. நீ எழுதுவதில் தப்பு வந்ததற்காக நான் கோபப்படவில்லை. தாளில் தப்பு வரும். ஒத்திகையில் எவனாவது கையைத் தூக்கி, இந்தக் கட்டத்தில் என்னவோ சரியில்லை என்பான், பென்சிலில் திருத்திவிட்டு மேலே போவார்கள். அதற்குத்தான் ஸ்டாண்டில் பென்சில் இருக்கிறது. நீ திருத்தாமல் மடித்து வைத்துக்கொண்டாய். தாளைத் திருத்தவில்லை என்றால் ஆளைத்தான் தப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எல்லாரும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள், அவரும் சேர்த்து.

நீ வேலைக்குப் போகிற கப்பலில் உன்னோடு வாசிக்கப் போகிறவர்கள் எந்தெந்த நாட்டுக்காரர்களோ. சரியான ஒத்திகைகூட இருக்காது என்கிறாய். நீ வைக்கிற தாளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள், பார்த்தபடியே வாசிப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் உன்னைத் தெரியாது, ஆனாலும் நம்புவார்கள், வேறு வழியில்லை. ஒவ்வொரு கருவியின் தாளையும் வைப்பதற்கு முன்னால், நீயே அந்த ஆள் என்று நினைத்து முதல் கட்டத்திலிருந்து விரல் வைத்துப் பார். முதல் சுரத்துக்கும் அதன் தலையில் இருக்கிற கார்டுக்கும் ஒட்டுகிறதா என்று பார். எல்லாத் தாளின் அடியிலும் நான் செய்கிற மாதிரி உன் பெயரைப் போடு. தப்பு என்றால் யாரைத் திட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியட்டும். அன்றைய தாளில் பெயர் போட்டிருந்தால் மாத்யூஸ் சாரே உன்னைக் கேட்டிருப்பார். நீ கேட்ட தாள்கள் எல்லாம் திங்கட்கிழமைக்குள் வந்துவிடும், ஆல்டோவைத் தவிர. ஆல்டோ தாள்களை நீயே எழுது. கார்டுகளை ஒவ்வொன்றாக, அதற்குரிய இடத்தில்.

அவர் பெயரைக் கெடுத்ததற்கு இந்தக் கடிதம் போதும் என்று நினைக்கிறேன். குழுவில் எல்லாரும் படித்துவிடுவார்கள். மாத்யூஸ் சார் என்ன செய்வார் என்பது அவர் பாடு. ஆனால் அண்ணனின் காதை இந்தக் கடிதத்தால் திருப்பிக் கொடுக்க முடியாது. தாளைக் காட்டிப் பார்த்துவிட்டேன், அவருக்குப் போதவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது. எழுதிய பக்கங்கள் வீடு நிறையக் கிடக்கின்றன, அவற்றில் ஒரு கட்டத்தைக்கூட என்னால் சத்தமாக்கிக் காட்ட முடியாது. இத்தனை வருடத்தில் இதற்காக நான் வருத்தப்பட்டது அந்தப் புதன்கிழமை அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோதுதான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அது கைமாறுவதற்கு முன்னால், சனிக்கிழமையே வா. கீபோர்டை எடுத்துக்கொண்டு வா. பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு வராதே, நேரே அவர் வீட்டுக்குப் போ. வாசலில் நின்று "சாரி மாமா" என்று சொல்லிவிட்டு ஓடி வராதே. அவர் உன்னைக் கிண்டல் செய்வார், இல்லையென்றால் திட்டுவார். எது என்றாலும் கேட்டுக்கொள். லூர்து அக்கா டீ கொடுத்தால் குடி. பிளக் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. உட்கார்ந்து அந்தப் பாட்டை எஃப்-இல் பிடி, கார்டுகளை மட்டும், மெதுவாக. மாட்டேன் என்பார். பெட்டியைத் திறக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இரு. திறந்த பிறகும் நிறுத்தாதே. அவர் தடுமாறினால் நீ முன்னால் ஓடாதே, அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசி. சரியான தாளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதைக் கேட்டு நம் வீட்டுக்கு வராதே. ஸ்டாண்டும் எடுத்துப் போகாதே. அன்றைக்கு அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு தாளும் இருக்கக் கூடாது.

அம்மா